பார்டர்லேண்ட்ஸ் 2, முதல் சில இரவுகள்: சுடுவது நானா, லெவலா?

குறிவைப்பவன்

பார்டர்லேண்ட்ஸ் 2 என்ற வீடியோ கேம் வந்தது 2012 செப்டம்பரில். இத்தனை வருஷம் கழித்து தள்ளுபடியில் கிடைத்ததால் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறோம். கவுன்டர் ஸ்ட்ரைக், லெஃப்ட் 4 டெட் ஆடிப் பழகிய கைகள் எங்களுடையவை. நாலு பேர் சேர்ந்து சுடலாம், கூடவே லெவல், ஸ்கில், லூட் (பெட்டியிலும் செத்த எதிரியிடமும் கிடைக்கும் ஆயுதங்கள், பொருள்கள்) என்று ரோல்பிளே சமாச்சாரமும் உண்டு, கட்டாயம் ஆடுங்கள் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். சேங்சுவரி ஊரைத் தாண்டிவிட்டோம். இதுவரை பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் பிடித்தது. ஓரங்களில் மைக்கோடு இழுத்த அந்த ஓவியப் பாணி இன்றைக்கும் பழசாகத் தெரியவில்லை. நிஜம் போலவே இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் மெனக்கெட்ட பல கேம்களை இப்போது திறந்தால் பார்க்கச் சகிக்கவில்லை. இது அப்படியே நிற்கிறது. அப்புறம் ஹேண்ட்சம் ஜாக். எக்கோ கருவியில் கூப்பிட்டு, வைரத்தால் செய்த குதிரை ஒன்று வாங்கியிருக்கிறேன் என்று சாவகாசமாகப் பெருமை பேசுகிறான் பாருங்கள், அங்கேயே வில்லன் மனதில் உட்கார்ந்துவிட்டான்.

பிடிக்காதது, சுடுவது. ஷூட்டர் என்று பெயர் வைத்துக்கொண்டு இதில் கோட்டை விடலாமா? தலையில் சரியாகக் குறிவைத்துச் சுடுகிறேன். 'கிரிட்டிக்கல்' என்று எழுத்து எழும்புகிறது. எண்கள் தெறிக்கின்றன. ஆள் அசையாமல் நடந்து வருகிறான். காரணம் என்னவென்றால் அவன் லெவல் என்னைவிட நாலு கூட. எங்கள் கூட்டத்தில் ஒருவன் ராத்திரி தனியாக ஆடி 13-க்குப் போய்விட்டான்; நாங்கள் இருவரும் 8. அவன் இருக்கும் டண்ட்ரா எக்ஸ்பிரஸ் பகுதிக்குப் போனால் எங்கள் குண்டு யாரையும் தொடவே இல்லை என்கிற மாதிரி இருக்கிறது. அவன் எங்கள் இடத்துக்கு வந்தால் ஒரே சூட்டில் எல்லாரையும் சாய்த்துவிடுகிறான், நாங்கள் பின்னாலேயே ஓடிப் பொறுக்குகிறோம். இரண்டிலும் சேர்ந்து ஆடியதாக எனக்குத் தோன்றவில்லை.

போதாததற்கு, ஆரம்பம் இழுவை. ஆக்‌ஷன் ஸ்கில், அதாவது ஒவ்வொரு கிளாஸுக்கும் உள்ள தனித் திறன், லெவல் 5-ல்தான் திறக்கிறது. அதுவரை கமாண்டோவும் சைரனும் கன்சர்க்கரும் ஒரே மாதிரி ஒரு சின்னப் பிஸ்டலை வைத்துக்கொண்டு பனியில் நிற்கிறோம். நாலு கிளாஸ் எதற்குக் கொடுத்தார்கள்?

விரும்பி ஆடுகிறவர்கள் பதில் சொல்லுங்கள். இது பின்னால் மாறுமா, இல்லை இதுதான் கேமா?

பழைய பண்டோராக்காரன்

தம்பி, 2009-ல் முதல் பாகம் வந்ததிலிருந்து ஆடுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் இதைக் கவுன்டர் ஸ்ட்ரைக் கண்ணால் பார்க்கிறீர்கள். இதை உருவாக்கிய கியர்பாக்ஸ் நிறுவனம் செய்தது டயப்லோ மாதிரியான லூட் விளையாட்டைத் துப்பாக்கி பிடிக்கும் பார்வையில் கொண்டுவந்தது. இங்கே திறமை என்பது குறி மட்டுமில்லை. எதை எடுத்துக்கொண்டு எவன் முன்னால் போய் நிற்கிறோம் என்பதும் திறமைதான். தசைக்குத் தீ, கவசத்துக்கு அமிலம், ஷீல்டுக்கு மின்சாரம். ஹைப்பீரியன் லோடர் ரோபோவைத் தீத்துப்பாக்கியால் சுட்டுவிட்டு 'சாகவே மாட்டேன் என்கிறான்' என்று சொன்னால் அதற்குக் கேம் என்ன செய்யும்?

துப்பாக்கிகளைக் கவனித்தீர்களா? கம்பெனிக்குக் கம்பெனி குணமே வேறு. ஜேக்கப்ஸ் என்றால் நீங்கள் எவ்வளவு வேகமாக விசையை இழுக்கிறீர்களோ அவ்வளவு வேகம். ஹைப்பீரியன் முதல் சில குண்டுகளைச் சிதறவிட்டு, சுடச் சுட நேராகும். டால் குறிக்கண்ணாடியில் பார்த்தால் கொத்துக் கொத்தாகச் சுடும். டோர்க் எல்லாமே வெடி. டெடியோர் இருக்கிறதே, ரீலோட் பட்டனை அழுத்தினால் துப்பாக்கியையே தூக்கி எறிந்துவிடும். அது வெடிகுண்டு மாதிரி வெடிக்கும், கையில் புதுசு முளைக்கும். உள்ளே எத்தனை குண்டு மிச்சமோ அத்தனை பலம் அந்த வெடிக்கு. அதாவது மேகசின் நிறைய இருக்கும்போதே ரீலோட் செய்வது இங்கே ஒரு தந்திரம். வேறு எந்த ஷூட்டரிலும் அது பிழை. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் ரைஃபிளே எடுக்கவில்லை.

லெவல் 5 வரை இழுக்கிறது என்பது உண்மைதான். அங்கே நானும் உங்கள் பக்கம். ஆனால் 5-ல் ஒரு கேமை எடை போடாதீர்கள்.

குறிவைப்பவன்

அண்ணா, கம்பெனிக் குணம் எல்லாம் அழகு, மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. லெவல் 8-ல் எனக்கு ஒரு ஜேக்கப்ஸ் ரிவால்வர் கிடைத்தது. ஒவ்வொரு சூடும் கையில் உணர்கிற மாதிரி கனமான துப்பாக்கி. அதைப் பழகி, தூரம் பார்த்து, எவ்வளவு மேலே தூக்கும் என்று கற்று, கை படிந்த நேரத்தில் அது வெறும் விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டது. பச்சை நிற மட்டத் துப்பாக்கி ஒன்று (இங்கே நிறம்தான் தரம்; வெள்ளை அடிமட்டம், அதற்கு மேல் பச்சை, ஊதா இன்னும் மேலே), பெயர்கூட நினைவில்லை, லெவல் 12 என்பதால் அதைத் தோற்கடிக்கிறது. நான் கற்றுக்கொண்டதற்கு என்ன மரியாதை?

வடலியடி

குறிவைப்பவன் சொல்வதில் கணக்கும் இருக்கிறது. இந்தக் கேமில் ஒரு லெவல் ஏறும்போது துப்பாக்கியின் டேமேஜும் எதிரியின் உயிரும் சுமார் 13 சதவீதம் கூடுகின்றன. 13 என்றால் சின்ன எண்ணாகத்தான் தெரியும். ஆனால் அது வட்டிக்கு வட்டி போல அடுக்கிக்கொண்டு போகிறது. ஐந்து லெவலில் 1.8 மடங்கு தாண்டும், பத்து லெவலில் 3.4 மடங்கு. அதாவது ஐந்து லெவல் பழைய துப்பாக்கி பாதி பலத்துக்குக் கிட்ட வந்துவிடும், பத்தென்றால் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதற்கு மேல், உங்களைவிட லெவல் கூடிய எதிரிக்கு நீங்கள் போடும் டேமேஜைத் தனியாகவும் குறைக்கிறார்கள். ஆக 8-ல் நிற்கிறவர் 13-ல் உள்ளவனைச் சுடும்போது இரண்டு அடி விழுகிறது.

நானும் தம்பியும் ஒரே திரையை இரண்டாகப் பிரித்து, கன்ட்ரோலரில் ஆடி முடித்தோம். எங்களுக்கு இந்தப் பிரச்சினையே வரவில்லை, ஏனென்றால் இரண்டு பேரும் எப்போதும் ஒரே நேரத்தில்தான் இருந்தோம். ஆனால் வேலைக்குப் போய் வந்து, நேரம் கிடைக்கும்போது ஆளுக்கொரு வீட்டிலிருந்து இணைகிறவர்களுக்கு முதல் ஆட்டம் இப்படித்தான் அமையும். அது ஆடுகிறவர் குற்றமில்லை, செய்தவர்கள் யோசிக்காமல் விட்ட இடம்.

ஊதாநிழல்

சைரன் மாயாவை மட்டுமே எடுத்து ஆடுகிறவள் நான். நீங்கள் எல்லோரும் டேமேஜ் பற்றியே பேசுகிறீர்கள், சேர்ந்து ஆடுவது பற்றி ஒருவரும் பேசவில்லை.

குறிவைப்பவன், உங்கள் சைரன் யார்? அவர் ஸ்கில் புள்ளிகளை எங்கே போடுகிறார்? ஹார்மனி என்று ஒரு கிளை இருக்கிறது. அதில் ரெஸ்டோரேஷன் எடுத்தால் நண்பனை நோக்கிச் சுட்டால் அவனுக்கு உயிர் ஏறும். ஆமாம், கூட்டாளியைச் சுட வேண்டும். முதல் தடவை அப்படிச் செய்தபோது எதிர்ப்பக்கம் இருந்த தோழி திட்டினாள். தன் உயிர்க்கோடு நிரம்புவதைப் பார்த்ததும் அமைதியானாள். அதற்கு அடுத்த வரிசையில் ரெஸ் இருக்கிறது. கீழே விழுந்த நண்பன் மேல் மாயாவின் தனித் திறனான ஃபேஸ்லாக் போட்டால், ஓடிப்போய் பக்கத்தில் குனிந்து நிற்காமலே தூரத்திலிருந்து எழுப்பிவிடலாம்.

'ஃபைட் ஃபார் யுவர் லைஃப்' பற்றி ஒருவரும் சொல்லாதது எனக்கு ஆச்சரியம். இந்தக் கேமின் உயிரே அங்கேதான் இருக்கிறது. உயிர் தீர்ந்தால் உடனே செத்துப்போவதில்லை. தரையில் விழுகிறோம், பார்வை மங்கிக்கொண்டே போகிறது, நேரம் ஓடுகிறது, ஆனால் துப்பாக்கி கையில் இருக்கிறது. அந்த நேரத்துக்குள் ஒருவனைக் கொன்றால் எழுந்துவிடலாம். கேப்டன் ஃப்ளின்ட் சண்டையில் எங்களுக்கு நடந்தது இது: அவன் தீயைக் கக்கிக்கொண்டு வருகிறான், நானும் தோழியும் விழுந்துவிட்டோம், மூன்றாவது ஆள் தடுப்புக்குப் பின்னால். அவள் ஃப்ளின்ட்டைச் சுடவில்லை. பக்கத்தில் ஓடிவந்த சின்ன எதிரி ஒருவனை முக்கால்வாசி அடித்து, அப்படியே என் பக்கம் விட்டாள். கடைசிக் குண்டு நான் போட வேண்டும் என்பதற்காக. என் திரை ஏறக்குறைய கறுப்பு. போட்டேன், எழுந்தேன், தோழியை எழுப்பினேன். எதிரியை யார் கொல்ல வேண்டும் என்று ஒரு நொடியில் முடிவெடுத்து அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கிற ஷூட்டர் எத்தனை இருக்கிறது?

அந்த நேரத்தில் குறி தப்பினால் சாவுதான். ஆக, குறிக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல முடியாது.

குறிவைப்பவன்

இது நல்ல பதில். ஃபைட் ஃபார் யுவர் லைஃப் எனக்கும் பிடித்தது, முதல் பதிவில் எழுதியிருக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் பாருங்கள், அதே இடத்திலும் லெவல் வந்து நிற்கிறது. 13-ல் உள்ள எதிரிகள் நடுவே 8-ல் உள்ளவன் விழுந்தால், அந்த நேரத்துக்குள் யாரையும் கொல்ல முடியாது. நீங்கள் சொல்லும் அழகான தருணம் எல்லோரும் ஒரே லெவலில் இருக்கும்போது மட்டும் நடக்கிறது. நான் கேட்பது அதுதான்: கேமின் மிகச் சிறந்த யோசனையை அதே கேமின் இன்னொரு யோசனை கெடுக்கலாமா?

எங்கள் சைரன் கேட்டக்ளிசம் கிளையில் எல்லாப் புள்ளியும் போட்டிருக்கிறான். டேமேஜ் வேண்டுமாம். பேசிப் பார்க்கிறேன்.

ஆறாம்விரல்

மூன்றாம் பாகத்தில் இதைச் சரிசெய்துவிட்டார்கள் என்பதை யாராவது சொல்ல வேண்டும். 2019 செப்டம்பரில் வந்த பார்டர்லேண்ட்ஸ் 3-ல் சேர்ந்து ஆட இரண்டு முறை உண்டு. ஒன்றில் ஒவ்வொருவருக்கும் அவரவர் லெவலுக்கு ஏற்றபடி எதிரி, ஒவ்வொருவருக்கும் தனி லூட். இன்னொன்றில் பழையபடி எல்லோருக்கும் பொது லூட், முந்துபவருக்குத்தான். லெவல் 8-ம் 30-ம் ஒரே இடத்தில் நின்று சுடலாம். கியர்பாக்ஸே மாற்றியிருக்கிறது என்றால் இரண்டாம் பாகத்தில் இது குறை என்று அவர்களே ஏற்றுக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

லூட் விஷயம் இன்னும் மோசம். தெரியாத ஆட்களோடு ஆடிப் பாருங்கள். பெட்டி திறந்ததும் ஒருவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கேமை விட்டே வெளியேறிவிடுவான். பொது லூட் என்பது நல்ல மனிதர்களை நம்பி வைத்த அமைப்பு. இணையத்தில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை.

பழைய பண்டோராக்காரன்

பொது லூட்டை நான் முழுசாக ஆதரிக்கிறேன், ஆறாம்விரல். தெரியாதவர்களோடு ஆடுவதை விட்டுவிடுங்கள், அது எந்தக் கேமிலும் அப்படித்தான். தெரிந்த நாலு பேரை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி திறக்கிறது. மூடி மடங்கி, தட்டுகள் வெளியே வந்து, நிறம் நிறமாக ஒளிக்கம்பம் எழும்புகிறது. ஊதா ஸ்னைப்பர் ஒன்று கிடக்கிறது. எல்லோரும் ஒரு கணம் நிற்கிறார்கள். 'அசாசின் ஜீரோ ஆடுகிறவன் நீதானே, நீ எடு' என்று ஒருவர் சொல்கிறார். 'எனக்கு ஷாட்கன் வந்தால் சொல்லுங்கள்' என்று இன்னொருவர். அந்தப் பேச்சுதான் சேர்ந்து ஆடுவது. தனி லூட்டில் அவரவர் திரையில் அவரவர் பொருள். எனக்கு என்ன விழுந்தது என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது, அவனுக்குக் கவலையும் இல்லை. நாலு பேர் ஒரே அறையில் நாலு தனிக் கேம் ஆடுகிறோம்.

சண்டை வந்தாலும் கேமுக்குள்ளேயே வழி வைத்திருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் கைகலப்பு அடி அடித்தால் டூயலுக்கு அழைக்கலாம். ஜெயித்தவனுக்குத் துப்பாக்கி என்று எங்கள் குழுவில் பேசிவைத்திருந்தோம்.

இன்னொன்று, பணமும் எரீடியமும் (இன்னொரு வகைச் செலவுக் காசு) யார் எடுத்தாலும் எல்லோருக்கும் சேரும். மிஷன் முடித்தால் கிடைக்கும் பரிசு ஆளுக்கொன்று. ஆக, பிச்சைக்காரனாக யாரும் நிற்பதில்லை. போட்டி வருவது ஆயுதத்தில் மட்டும்தான்.

ஆறாம்விரல்

அந்தப் பேச்சு நன்றாக இருக்கும் என்பது சரி. ஆனால் கூட்டத்தில் கூச்சமான ஒருவர் எப்போதும் இருப்பார். 'நீயே எடுத்துக்கோ' என்று ஒவ்வொரு தடவையும் அவர்தான் சொல்வார். சேங்சுவரி போய்ச் சேரும்போது அவர் கையில் வெள்ளைத் துப்பாக்கி, மற்றவர்கள் கையில் ஊதா. பிறகு அவர் சரியாக ஆடவில்லை என்று பேச்சு வரும். நான் பார்த்திருக்கிறேன். அவருக்காகத்தான் தனி லூட்.

ஊதாநிழல்

ஆறாம்விரல் சொன்ன கூச்சமான ஆள் எங்கள் குழுவிலும் உண்டு. இந்த வாதத்தில் நான் அவர் பக்கம். பண்டோராக்காரன் அண்ணா சொல்லும் காட்சி, எல்லோரும் ஒரே அளவுக்கு வாய் திறக்கிற கூட்டத்தில் மட்டும் நடக்கும். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம்: பெட்டியை ஒவ்வொரு தடவையும் ஒருவர் திறப்பது, திறந்தவருக்கு முதல் தேர்வு. கேம் செய்யாததை நாம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

வடலியடி

ஒரு சின்னக் குறிப்பு. இது ஒருவர் ஹோஸ்ட் செய்ய மற்றவர்கள் அவரோடு நேரடியாக இணையும் கேம். ஹோஸ்ட்டின் இணைப்பு சரியில்லை என்றால் மற்ற எல்லோருக்கும் எதிரி தாவித் தாவி ஓடுவான், சுட்டது பிறகுதான் படும். 'துப்பாக்கி மெத்தென்று இருக்கிறது' என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். யார் வீட்டில் நல்ல இணைப்போ அவரை ஹோஸ்ட் ஆக்குங்கள். ஒரே வீட்டில் இரண்டு கணினி இருந்தால் லேன் வழியாகவே இணையலாம், அதற்குத் தனியாக வசதி வைத்திருக்கிறார்கள்.

குறிவைப்பவன்

நன்றி, வடலியடி. எங்கள் ஹோஸ்ட் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருக்கிறான். இன்றே மாற்றுகிறோம்.

லூட் விவாதத்தில் எனக்குப் பக்கமில்லை, மூன்று பேரும் பழைய சிநேகிதர்கள் என்பதால் இதுவரை பிரச்சினை வரவில்லை. ஆனால் பண்டோராக்காரன் அண்ணா இன்னும் என் முதல் கேள்விக்கு வரவில்லை. குறி வைத்துச் சுடுகிறவனுக்கு இந்தக் கேமில் என்ன இருக்கிறது?

பழைய பண்டோராக்காரன்

வருகிறேன். ஜீரோவை எடுங்கள்.

நீங்கள் என்ன எடுத்திருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை, கமாண்டோ ஆக்ஸ்டன் என்று நினைக்கிறேன். ஷூட்டர் பழக்கம் உள்ளவர்கள் பெரும்பாலும் அவனைத்தான் எடுப்பார்கள், ராணுவ உடையைப் பார்த்து. ஆனால் அவன் பலம் டரெட்டில், அதாவது வைத்த இடத்திலிருந்து தானாகச் சுடும் துப்பாக்கியில். டரெட்டை வைத்துவிட்டு இடத்தைப் பிடிக்கிற ஆள் அவன். குறிக்கு ஜீரோ. ஸ்னைப்பிங் என்றே ஒரு கிளை. அதன் நடுவில் போர் (B0re) என்று ஒரு ஸ்கில்: குண்டு ஒருவனைத் துளைத்து அடுத்தவனுக்குப் போகும், ஒவ்வொருவனைத் துளைக்கும்போதும் பலம் கூடும். வரிசையாக நிற்கும் இரண்டு பேரை ஒரே கோட்டில் பிடிக்கக் காத்திருப்பது எந்த ஷூட்டரின் குறிக்கும் குறைந்ததில்லை.

நீங்கள் கேட்ட 'கற்றதற்கு மரியாதை'க்கு இது என் பதில். ரிவால்வர் போய்விடும். ஜேக்கப்ஸ் எப்படிச் சுடும் என்று கற்றது போகாது. லெவல் 20-ல் அடுத்த ஜேக்கப்ஸ் கையில் வரும்போது எடுத்த உடனே தெரியும். நான் 50 லெவல் தாண்டியும் ஒரு மாலிவானை ஸ்கோப்பில் பார்க்காமலேயே இது குண்டு மெதுவாகப் போகும், ஓடுகிறவனுக்குக் கொஞ்சம் முன்னால் சுட வேண்டும் என்று கை தானாக நகர்ந்தது.

ஆறாம்விரல்

50 தாண்டியதைச் சொல்லிவிட்டு ஸ்லாக் பற்றிச் சொல்லாமல் விடாதீர்கள், அண்ணா. புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

குறிவைப்பவன், கதை ஒரு தடவை முடிந்தால் அதே கதையை இன்னும் கடினமாக ஆடும் இரண்டாம் சுற்று, ட்ரூ வால்ட் ஹன்டர் மோட், அதற்குப் பிறகு 2013-ல் சேர்த்த அல்டிமேட் மோட். அந்த மூன்றாம் சுற்றில் எதிரியின் உயிர் தானாக ஏறிக்கொண்டே இருக்கும். ஊதா நிற ஸ்லாக் பூசிய எதிரிக்கு மற்ற ஆயுதங்களால் மூன்று மடங்கு டேமேஜ். முதல் இரண்டு சுற்றில் இது இரண்டு மடங்கு. மூன்று மடங்கு என்றால் அது வசதி இல்லை, கட்டாயம். ஸ்லாக் துப்பாக்கியை எடு, பூசு, மாற்று, சுடு, மறுபடி மாற்று. எந்த எதிரி வந்தாலும் இதே நடனம். பண்டோராக்காரன் அண்ணா சொன்ன 'எதை எடுத்து எவன் முன்னால் நிற்கிறோம் என்பதே திறமை' என்பது அங்கே செத்துப்போகிறது, எல்லோர் முன்னாலும் ஒரே பதில்தான். அடுத்து வந்த ப்ரீ-சீக்வலில் ஸ்லாக்கை எடுத்துவிட்டு உறைபனியைக் கொண்டுவந்தார்கள், மூன்றாம் பாகத்திலும் ஸ்லாக் திரும்பவில்லை.

பழைய பண்டோராக்காரன்

தனியாக ஆடினால் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு. நாலு பேராக ஆடினால் ஒருவர் ஸ்லாக் பூசுகிறார், மூன்று பேர் சுடுகிறார்கள். எங்கள் மாயா அதைத்தான் செய்தாள். கூட்டத்தில் ஒருவருக்கு அது வேலை, மற்றவர்களுக்கு வாய்ப்பு. ரோல்பிளே என்றால் அதுதானே?

ஊதாநிழல்

அந்த வேலையை நான் செய்திருக்கிறேன், அண்ணா. செய்தவள் சார்பாகச் சொல்கிறேன்: உயிர் ஏற்றுவதும் எழுப்புவதும் எனக்குப் பிடித்த வேலை, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் யாரை, எப்போது என்று நான் முடிவெடுக்கிறேன். ஸ்லாக் பூசுவதில் முடிவே இல்லை. யாராவது செய்தாக வேண்டும் என்பதால் செய்தேன்.

ஆனால் குறிவைப்பவன் அங்கே போய்ச் சேர நிறைய நாள் இருக்கிறது. இப்போதே அதை வைத்துப் பயமுறுத்த வேண்டாம். முதல் சுற்றின் கதையே ஒரு முழுக் கேமுக்குச் சமம்.

வடலியடி

கதை என்றதும் ஒரு முறைப்பாடு. சேர்ந்து ஆடினால் கதை காதில் விழாது. ஜாக் முக்கியமான கட்டத்தில் பேசிக்கொண்டிருப்பான், இங்கே ஒருவர் 'குண்டு தீர்ந்துவிட்டது', இன்னொருவர் 'விற்கிற மெஷின் எங்கே' என்று கதைத்துக்கொண்டிருப்பார். நமக்கு வழிகாட்டும் குரலான ஏஞ்சல் யார் என்பது விளங்கும் இடத்தை நானும் தம்பியும் சிரித்துப் பேசியே தவறவிட்டோம். பிறகு தனியாக ஆடியபோதுதான் அது எவ்வளவு கனமான இடம் என்று தெரிந்தது. குறிவைப்பவனுக்கு ஜாக்கைப் பிடித்திருக்கிறது என்றால், எக்கோவில் குரல் வந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள். வசன எழுத்தையும் (சப்டைட்டில்) போட்டுவிடுங்கள், அமைப்புகளில் இருக்கிறது.

ஏஞ்சல் பற்றி இதற்கு மேல் யாரும் எழுத வேண்டாம், தயவு செய்து.

குறிவைப்பவன்

எல்லோரும் நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. நேற்று ராத்திரி மூவரும் உட்கார்ந்து பேசினோம். முடிவு இது: 13-ல் உள்ளவன் அந்த ஆளைத் தனியாக ஆட வைத்துக்கொள்வான். சேர்ந்து ஆட மூவரும் முதலிலிருந்து புதுசாகத் தொடங்கிவிட்டோம், அவன் ஜீரோவை எடுத்தான். சேர்ந்து ஆடும் ஆளைத் தனியாகத் தொடுவதில்லை என்று பேச்சு. இணைப்பும் வேறு வீட்டுக்கு மாறியது. சைரன் ஹார்மனிக்கு வரமாட்டேன் என்கிறான், அது அவன் விருப்பம்.

மூவரும் ஒரே லெவலில் பூம், ப்யூம் அண்ணன் தம்பி சண்டைக்குப் போனோம். பெரிய பீரங்கியில் ஒருவன், பறந்துகொண்டு ஒருவன். பண்டோராக்காரன் அண்ணா, உண்மையைச் சொல்கிறேன், அது நன்றாக இருந்தது. ஒருவன் பீரங்கியின் கவனத்தைத் தன் பக்கம் இழுக்க, இன்னொருவன் பறப்பவனைப் பார்த்துக்கொள்ள, நான் பக்கவாட்டில் ஏறிப்போய் பீரங்கிக்காரனின் தலையைக் குறிவைத்தேன். விழுந்தான். அடுத்து அதே பீரங்கியைத் திருப்பி வாசற்கதவைத் தகர்த்தபோது மூன்று பேரும் கத்தினோம்.

ஆனாலும் என் கருத்து மாறவில்லை. இந்தச் சண்டை நன்றாக இருந்ததற்குக் காரணம் லெவல் என்ற எண்ணை நாங்கள் மூவரும் பேசி வைத்து வழியிலிருந்து விலக்கியதுதான். அந்த வேலையைக் கேம் செய்திருக்க வேண்டும். லூட்டும் ஸ்கில்லும் இருக்கட்டும், இன்னும் நிறைய இருக்கட்டும். எண் பெரியது என்பதற்காக மட்டும் ஒருவன் குண்டு வாங்கியும் நடந்து வருவதை நான் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை.

பழைய பண்டோராக்காரன்

ஏற்றுக்கொள்ள வேண்டாம், தம்பி. அந்த எண் இல்லையென்றால் அடுத்த பெட்டியைத் திறக்கிற ஆசையே இருக்காது என்பது என் கட்சி. உங்கள் கட்சி உங்களுக்கு. டண்ட்ரா எக்ஸ்பிரஸ் முடித்துவிட்டு, ஊதா ஜேக்கப்ஸ் ஒன்று விழுந்த பிறகு எழுதுங்கள், மறுபடி வாதாடலாம்.

ஊதாநிழல்

டண்ட்ரா போகும் முன் ஒன்று: கையில் உள்ள தீத்துப்பாக்கிகளை எல்லாம் விற்றுவிடாதீர்கள். அங்கே போனதும் வார்கிட் பூச்சிகளை எரிக்கச் சொல்லும் கட்டம் வரும். சைரனிடம் மறக்காமல் சொல்லுங்கள்.